ஒத்திவைப்பு பாதுகாப்பாகுமா?

ஐந்திணையைக் கற்பிக்கும்போதெல்லாம் நெய்தல் நிலத்திற்கு என் மாணவர்கள் வரையும் படம் ஒன்றுபோலவே இருக்கும்: ஒரு தென்னை, ஒரு படகு, பாதிச் சூரியன். அவர்களைக் குறை கூற இயலாது. அவர்களறிந்த கடற்கரை ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா. அதுவே கடலைத் தூர்த்து உருவாக்கப்பட்ட நிலந்தானே!

உண்மையான நெய்தல் நிலமொன்று நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. சாங்கி முனையிலிருந்து படகேறினால் சுமார் பத்து நிமிடத்தில் புலாவ் உபின். அத்தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா. ஏறத்தாழ 100 ஹெக்டர் பரப்பு. கடல் வற்றும் வேளையில் மணல்திட்டும் கடற்புல் வெளியும் நட்சத்திர மீன்களும் வெளிப்படும். கரையில் அலையாத்திக் காடு. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரை வழங்கிய மரம் இங்கும் வளர்கிறது. மலாய்க்காரர்கள் அதனைப் புத்தா புத்தா என்பர்; 'புத்தா' என்றால் குருடு. அதன் பால் கண்ணிற்குத் தீங்கானது. பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் இதனை நினைவில் கொள்க.

இவ்விடத்தைத் தூர்க்கும் பணி 2001ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கவிருந்தது. (தூர்ப்பதை 'நிலமீட்பு' என்கிறோம். யாரிடமிருந்து மீட்கிறோம் என்று எந்த மாணவரும் இதுவரை கேட்டதில்லை.) ஆர்வலர்களும் பொதுமக்களும் மன்றாடியதன் பயனாக அரசு அதனை ஒத்திவைத்தது. செவிசாய்த்த அரசை மனமாரப் பாராட்ட வேண்டும். எனினும் வாக்குறுதியின் சொற்களை ஆசிரியர் கண்கொண்டு பார்க்கிறேன்: உபின் தீவு வளர்ச்சிப் பணிகளுக்குத் தேவைப்படாத வரையில் தூர்ப்பதில்லை. 'வரையில்' என்னும் அந்த ஒரு சொல்லின்மீதே செக் ஜாவா இன்றும் நிற்கிறது.

2005ஆம் ஆண்டின் பூங்காக்கள், மரங்கள் சட்டத்தின்கீழ் இயற்கை வனப்பகுதிகளாகப் பாதுகாக்கப்படுபவை நான்கே: புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, சுங்கை பூலோ, லாப்ரடார். செக் ஜாவா அப்பட்டியலில் இல்லை. திட்ட வரைபடத்தில் 'இயற்கைப் பகுதி' எனக் குறிக்கப்பட்டுள்ளது; அது நிருவாக ஏற்பாடு. அதனையும் அரசிதழில் அறிவித்து ஐந்தாவதாகச் சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

சட்டம் மட்டும் என்றும் நிலைத்ததா என்று கேட்பீர்கள். நிலைக்கவில்லைதான். 1951இல் பாதுகாக்கப்பட்ட பண்டானும் கிராஞ்சியும் பின்னர்ப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. லாப்ரடாரும் தகுதி இழந்து 2002இல்தான் அதனைத் திரும்பப் பெற்றது. ஆயினும் சட்டத்தில் உள்ளதை நீக்குவதற்கு ஊரறிய ஒரு செயல் வேண்டும். காரணம் சொல்லியாக வேண்டும். ஒத்திவைத்ததைத் தொடங்குவதற்கு அவ்வளவு தேவையில்லை.

வீட்டிற்காகக் காத்திருக்கும் இளந்தம்பதியரின் கவலையை நான் அறியாதவனல்லன். என் பழைய மாணவர்களே அவர்களுள் பலர். சிறிய நாடு, இடம் வேண்டும். ஆனால், தேக்கா என்னும் பெயரில் ஒரு காலத்து மூங்கிலும், கண்டாங் கெர்பாவ் என்னும் பெயரில் எருமைத் தொழுவமும் மட்டுமே எஞ்சியிருப்பதைச் சிராங்கூன் சாலையில் நடக்கும்போதெல்லாம் எண்ணிக்கொள்கிறேன்.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளுடன் உபினுக்குச் செல்ல எண்ணியுள்ளோம். கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். வர விரும்பும் பெற்றோர் முன்கூட்டியே தெரிவியுங்கள். திரும்பியதும் நெய்தல் படத்தை மீண்டும் வரையச் சொல்லப் போகிறேன். அப்படங்களுடன் ஒரு கடிதத்தையும் இணைத்துத் தேசிய வளர்ச்சி அமைச்சுக்கு அனுப்பலாமா என்று அன்று பேசுவோம்.