பல்லை எண்ணிவிட்டுப் போனால் போதுமா?



1949-இல் பினாங்கில் பள்ளிப் பல் தாதியருக்கான பயிற்சி தொடங்கியது. பள்ளிக்கே வந்து சொத்தைப் பல்லை அடைத்துவிட்டுப் போன அத்தாதியரின் கைபட்டு வளர்ந்தவர்கள்தாம் நம்மில் பலர்.

இன்றும் குழு வருகிறது; மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பள்ளியில் அவ்வருகை, பிள்ளைகளை வாய் திறக்கச் சொல்லிச் சொத்தைகளைக் குறித்துக்கொண்டு, பெற்றோருக்கு ஒரு கடிதம் தந்து செல்வதாகச் சுருங்கிவிட்டது. கடிதத்தோடு கிளினிக்குக்குப் போனால், அன்றைய எண்கள் தீர்ந்துவிட்டன என்கிறார்கள். நாட்கூலிக்குச் செம்பனைக் குலை வெட்டும் தகப்பனார் எத்தனை முறை விடுப்பு எடுப்பார்? (சிகிச்சை மலிவுதான், இழக்கும் கூலி மலிவன்று.)

மிட்டாய்தான் காரணம் என்று நம்மவர் சிலர் பேச்சை முடித்துவிடுகின்றனர். இருக்கட்டுமே! கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாய்ப்பாடு ஒப்பிக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கு அது மருந்தாகுமா?

2016-இல் புதிய அரசுப் பல் மருத்துவர்களுக்கு ஒப்பந்த முறை வந்தது. பணி நிலைக்குமா என்று அறியாதவர் தனியார் கிளினிக்கை நாடினால், அவரை நான் குறை சொல்லமாட்டேன். அம்முறையை வகுத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் விளையாட்டுப் போட்டியை மட்டும் பேசிக் கலையாதீர்கள். மாவட்டப் பல் மருத்துவ அதிகாரிக்குக் கடிதம் எழுதுங்கள். இவ்வாண்டு எத்தனைப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே பல் அடைக்கப்பட்டது என்று எழுத்து மூலம் கேளுங்கள்.