பேட்லாக்கும் நீட்ஃபுல்லும்

திருப்பூரில் ஆங்கிலம் சீரழிந்துவிட்டது என்று சலித்துக்கொள்பவர்கள் முதலில் பனியன் கம்பெனி டெய்லரைத்தான் கைகாட்டுவார்கள். பிளாட்லாக் என்ற தையல் மெஷின் அவர் வாயில் 'பேட்லாக்' ஆகிவிட்டதாம். ஆகட்டுமே. பேட்லாக்கில் உட்காரச் சொன்னால் யாரும் ஓவர்லாக்கில் போய் உட்காருவதில்லை. ஒன்றரை ஷிப்ட் என்றால் பன்னிரண்டு மணி நேரம். குறைத்துப் போட்டால் சனிக்கிழமை சம்பளத்தில் தெரிந்துவிடும். 100 சதுர சென்டிமீட்டர் வட்டமாகத் துணியை வெட்டித் தராசில் வைக்கிற பையனைப் பாருங்கள். 1.8 கிராம் காட்டினால் '180 ஜிஎஸ்எம்' என்கிறான். சதுர மீட்டருக்கு 180 கிராம்; அதற்கு இரண்டாவது அர்த்தம் கிடையாது.

கோளாறு மாடியில், ஆபீஸ் ஏசி அறையில். அங்கே 'ரிவர்ட்' என்றால் பதில் போடுவது. அகராதியைக் கேட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது என்கிறது. இது போகட்டும், பழகிவிட்டது. என்னால் மன்னிக்க முடியாதது 'டூ த நீட்ஃபுல்'. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமலே கடிதத்தை முடிக்க உதவும் சொல் அது. மெர்ச்சண்டைசராக இருந்தபோது சாயப்பட்டறைக்கு நானே எழுதினேன்: 'ஷேட் லைட்டர், கைண்ட்லி டூ த நீட்ஃபுல்.' சாம்பிள் வெளுத்திருக்கிறது, அடர்த்தியைக் கூட்டுங்கள் என்பது என் எண்ணம். இன்னும் வெளுக்கச் சொல்கிறேன் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நேவி ப்ளூ கேட்ட ஆர்டருக்கு மொத்த லாட்டும் பள்ளிக்கூடச் சட்டை நிறத்தில் வந்து இறங்கியது. தைத்தும் பையர் எடுக்கவில்லை. கழித்த சரக்கை வாங்கும் காதர்பேட்டை வியாபாரி ஒரு பீஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். 'செகண்ட்ஸ்' என்றார்.