எச்சில் சமாசாரம்

திருநெல்வேலிக்கு அல்வா. திண்டுக்கல்லுக்குப் பூட்டு. சில ஊர்களுக்குப் புண்!

அலெப்போ பாயில், பாக்தாத் பாயில், டில்லி பாயில் என்று பழைய மருத்துவப் புத்தகங்களில் வரும். (பாயில் என்றால் கட்டி. படுக்கிற பாய் இல்லை.) ஊர்தான் வேறு, சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். 1756-ல் அலெப்போ நகரத்தைப் பற்றிப் புத்தகம் போட்ட அலெக்ஸாண்டர் ரஸ்ஸல் என்ற டாக்டர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

முதலில் கொசு கடித்த மாதிரி ஒரு சின்னத் தடிப்பு. சில வாரங்களில் பெரிதாகி, நடுவில் உடைந்து, ஓரம் உயர்ந்த குழியாகிவிடும். எரிமலை வாய் மாதிரி. பெரும்பாலும் வலிக்காது. உயிருக்கு ஆபத்தில்லை. ஒரு வருஷம் போலக் குடியிருந்துவிட்டுத் தானாக ஆறிவிடும். அரபியில் இதற்கு 'வருஷப் புண்' என்றே ஒரு பெயர் உண்டு. போகிறபோது சும்மா போகாது, தழும்பை வைத்துவிட்டுப் போகும். தொடையில் என்றால் சரி, யார் பார்க்கப் போகிறார்கள்? மூக்கு நுனியில் என்றால்? கல்யாணம் ஆக வேண்டிய பெண்ணுக்குக் கன்னத்தின் நடுவில் என்றால்? கண்ணாடி பார்க்கக் கூசுகிறவர்கள் எந்த மரணக் கணக்கிலும் வரமாட்டார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் வருஷத்துக்கு 6 லட்சத்திலிருந்து 10 லட்சம் பேருக்குப் புதிதாக இந்தப் புண் வருகிறது.

இதில் ஒரு ஆறுதல், ஒரு முறை வந்து ஆறினால் அதே வகைப் புண் மறுபடி வருவது அபூர்வம். இதை டாக்டர்களுக்கு முன்பே ஜனங்கள் கவனித்துவிட்டார்கள். எப்படியும் வரப் போகிறது, வருகிற இடத்தை நாமே முடிவு செய்யலாமே! அடுத்தவர் புண்ணிலிருந்து கொஞ்சம் எடுத்துக் குழந்தையின் உடம்பில் மறைவான இடத்தில் கீறி வைத்தார்கள். பெடோயின்கள் இன்னும் சுருக்கு வழி கண்டார்கள். குழந்தையின் பின்பக்கத்தைத் திறந்து ஈ கடிக்கக் காட்டினார்களாம். பெற்ற குழந்தைக்குக் கூசாமல் புண் வரவழைப்பதா என்று கேட்கலாம். முகத்தைக் காப்பாற்ற வேறு வழி இல்லாதவர்கள் செய்தது அது.

பின்னால் இதையே விஞ்ஞானிகள் ஊசியில் ஏற்றினார்கள். சோவியத் யூனியன், இஸ்ரேல், ஈரான் மூன்றும் போட்டுப் பார்த்தன. 1980-88 ஈரான்-ஈராக் சண்டையின்போது ஈரானில் ஏராளமான சிப்பாய்களுக்குப் போட்டார்கள். பலித்தது. ஆனால் உள்ளே போவது உயிருள்ள கிருமி ஆயிற்றே! சிலருக்கு ஊசி போட்ட இடத்துப் புண் ஆறவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. பெரும்பாலான இடங்களில் கடையை மூடிவிட்டார்கள்.

கிருமியின் பெயர் லெய்ஷ்மேனியா. வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் நம்ம ஊர் சம்பந்தம் உண்டு. கல்கத்தா பக்கம் டம்டம்மில் ஜுரம் வாங்கிக்கொண்டு போய் இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் பார்த்ததை லெய்ஷ்மன் என்ற ராணுவ டாக்டர் 1903-ல் எழுதினார். அதே வருஷம் சென்னையில், சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிறதே, அந்த ஜெனரல் ஆஸ்பத்திரியில், சார்லஸ் டோனவன் என்ற ஐரிஷ்காரர் அதையே பார்த்தார். மலேரியா புகழ் ரொனால்ட் ராஸ் பஞ்சாயத்து பண்ணி, இரண்டு பேர் பெயரையும் சேர்த்து 'லெய்ஷ்மேனியா டோனவனி' என்று வைத்தார். அது காலா அஸார் என்கிற, ஆளையே கொல்கிற ஜுரத்தின் கிருமி. நம் புண்காரன் அதன் பங்காளி.

இரண்டையும் டோர் டெலிவரி செய்வது மணல் ஈ. பெயரைப் பார்த்து மெரினாவில் தேடாதீர்கள். சுவர் விரிசல், மாட்டுக் கொட்டகை, எலி வளை, இவைதான் விலாசம். 3 மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். கொசுவாவது காதோரம் பாடிவிட்டு வரும். இது ஊமை. சாதாரணக் கொசுவலையின் ஓட்டையில் தாராளமாக நுழையும். வழக்கம் போல அம்மாக்கள்தான் கடிப்பார்கள், முட்டைக்கு ரத்தம் வேண்டுமே.

கொசுவின் வாய் நாசூக்கான ஊசி. மணல் ஈயின் வாய் ரம்பம். தோலை அறுத்து, தேங்கும் ரத்தக் குட்டையிலிருந்து குடிக்கும். ரத்தம் உறையாமல் இருக்கவும் ரத்தக்குழாய் விரியவும் எச்சிலைத் துப்பும். ஈயின் வயிற்றில் இருக்கிற கிருமிகள் கூழ் மாதிரி ஒன்றைச் சுரந்து தொண்டையை அடைத்து வைத்திருக்கும். குடிக்க முடியாத ஈ கக்கும். கக்கியது நம் தோலுக்குள்!

எச்சிலோடு கிருமி வருகிறதே, எச்சிலுக்கும் இதில் பங்கு உண்டா? 1988-ல் டைட்டஸ், ரிபெய்ரோ என்ற இருவர் பரீட்சை பண்ணினார்கள். கிருமியோடு ஈயின் எச்சிலையும் கலந்து எலிக்குப் போட்டால், வெறும் கிருமி போட்டதைவிடப் புண் பல மடங்கு பெரிதாக வந்தது. எச்சில் வெறும் வாகனம் இல்லை, கூட்டாளி!

2000-ல் கதை திரும்பியது. அமெரிக்காவில் பெதஸ்டா தேசிய சுகாதார நிறுவனத்தில் ஷாடன் கம்ஹாவியும் சகாக்களும், கிருமி இல்லாத சுத்தமான ஈக்களை முதலில் எலிகள் மேல் கடிக்க விட்டார்கள். பிறகு கிருமியுள்ள ஈக்கள். முன்பே கடி வாங்கிய எலிகளுக்குப் பாதுகாப்பு இருந்தது. இத்தனைக்கும் அவை கிருமியையே பார்த்ததில்லை, எச்சிலை மட்டும்தான். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. மணியோசை கேட்டுப் பழகிய உடம்பு, எச்சில் பட்டதுமே அடியாட்களைத் திரட்டி அனுப்புகிறது. கூடுகிற கும்பல், கூட வந்த கிருமியையும் சேர்த்து மொத்துகிறது.

ஆபீஸில் பக்கத்து சீட் நண்பரிடம் இதைச் சொன்னேன்.

"அப்ப நல்ல ஈயாப் பாத்து நாலு கடி வாங்கிட்டா போதுமே சார்! தடுப்பூசியெல்லாம் எதுக்கு?"

"நல்ல ஈ, கெட்ட ஈன்னு நெத்தியில எழுதி ஒட்டியிருக்குமா?"

"அதுவும் சரிதான். ஆனா ஒண்ணு. அந்த ஊர்ல பொறந்தவன் தினம் கடி வாங்கறானே, அவனுக்கு ஏன் புண்ணு வருது?"

நல்ல கேள்வி. இன்க்ரிமெண்ட் கொடுக்கலாம். பிராக் நகரத்து விஞ்ஞானிகள் 2011-ல் இதற்கு ஒரு பதில் சொன்னார்கள். கொஞ்ச நாள் கடி வாங்கிய எலிக்குப் பாதுகாப்பு. நீண்ட நாள் கடிபட்ட எலிக்கு இல்லை. கடித்து, ரொம்ப நாள் இடைவெளி விட்டால் அதற்கும் இல்லை. தினம் மணி அடித்தால் கேட்டில் இருக்கிற செக்யூரிட்டி எழுந்திருப்பானா? 'அடிச்சிட்டுப் போ' என்று திரும்பிப் படுத்துக்கொள்வான். போதாக்குறைக்கு பிரேசிலில் 2007-ல் வேறு ஜாதி ஈயின் எச்சிலால் எலிகளைப் பழக்கியபோது, புண் குறைவதற்குப் பதில் மோசமானது. எல்லா எச்சிலும் ஒரே எச்சில் இல்லை.

இதில் தடுப்பூசிக்காரர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. செத்த கிருமியிலிருந்து செய்த ஒரு தடுப்பூசியை எலிக்குப் போட்டு, பிறகு சிரிஞ்சில் கிருமியை ஏற்றினார்கள். எலி தப்பியது, கைதட்டல். அதே தடுப்பூசி போட்ட எலியை நிஜ ஈயைக் கடிக்க விட்டார்கள். தடுப்பூசி அவுட்! 2009-ல் வெளிவந்த சேதி இது. அதே பரீட்சையில், முன்பு உண்மையிலேயே புண் வந்து ஆறிய எலிகள் ஈக் கடியையும் தாங்கின. ஆக, குழந்தையைக் கீறி வைத்த அந்தக் காலத்து ஜனங்கள் முட்டாள்கள் இல்லை. அவர்களிடம் இருந்தது சரியான யோசனை, முரட்டுக் கருவி.

அந்தக் கருவியைத்தான் இப்போது சீர் செய்து பார்க்கிறார்கள். கிருமியின் ஒரு மரபணுவைக் கத்தரித்து, உடம்புக்குள் போனால் பெருக முடியாமல், புண் உண்டாக்காமல், பாடம் மட்டும் நடத்திவிட்டுப் போகிற கிருமி. 2020-ல் வெளியான ஆராய்ச்சியில் எலிகளை நிஜ ஈயின் கடியிலிருந்தே அது காப்பாற்றியது. மனிதர்களுக்கு வந்து சேர வேண்டும்.

அதுவரை, சவூதி, ஈராக், ராஜஸ்தான் பிகானீர் பக்கம் வேலைக்குப் போகிற தம்பிகளுக்கு: சாயங்காலம் முதல் விடியும் வரை முழுக்கைச் சட்டை. பொடிக்கண் வலை, பூச்சி மருந்து தோய்த்ததாக இருந்தால் விசேஷம். ஊர் திரும்பிய பிறகு வாரக்கணக்கில் ஆறாத புண் இருந்தால், களிம்பு தடவிக்கொண்டு உட்காராமல் தோல் டாக்டரிடம் போங்கள். போனதும் எந்த ஊரில் இருந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். பாதி டயக்னோசிஸ் அதில்தான் இருக்கிறது.

லேபில் எத்தனை ஊசி பாஸானாலும் சரி, கடைசி மார்க் போட வேண்டியது அந்த 3 மில்லிமீட்டர் எக்ஸாமினர்தான். அதற்கு சிபாரிசு பிடிக்க முடியாது.