விதியின் பின்னே ஒளியலாமா?

1979 நவம்பர் 28ஆம் நாள், நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து தென்துருவப் பனிவெளியைக் கண்டுவரச் சென்ற விமானம், எரிபஸ் என்னும் எரிமலையின் பனிச்சரிவில் மோதிச் சிதைந்தது. அதிலிருந்த 257 பேரில் ஒருவரும் மீளவில்லை.

இத்தகைய செய்தியைச் செவியுறும் நம்மவர் பலர், "எல்லாம் விதி" என்று கூறி அமைந்துவிடுகின்றனர். அஜல் வந்துவிட்டால் நொடிப்பொழுதும் பிந்தாது என்பது நமது ஈமான். ஆயினும், விதியை நம்புதல் வேறு. விதியின் பின்னே ஒளிந்துகொள்ளுதல் வேறு.

முதலில் வெளியான விசாரணை அறிக்கை விமானிகள் மீதே பழி சுமத்தியது. மாண்டவர் எழுந்து வந்து மறுமொழி கூற இயலுமா? பின்னர் நீதிபதி பீட்டர் மஹோன் நடத்திய விசாரணை, பயணப் பாதையின் கணக்கு மாற்றப்பட்டதையும், அது விமானிகளுக்கு அறிவிக்கப்படாததையும் 1981இல் வெளிக்கொணர்ந்தது. நியூசிலாந்துப் பிரதமர் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரியதோ 2019இல். 40 ஆண்டுகள் கழித்து! அதற்குள் எத்தனை பெற்றோர் ஏக்கத்தோடு கண்மூடியிருப்பர்!

அறிவிக்க வேண்டியதை உரியவரிடம் அறிவிப்பதும் அமானிதமே. அதில் தவறுவது ஒரு குற்றம். தவறியதை மறைப்பது அதனினும் பெரிது. அதனை மய்யித்தின் மீது சுமத்துவதோ பெரும் அநீதி. நமக்கே பாதகமாயினும் உண்மைக்குச் சாட்சி பகருமாறு திருமறை நம்மைப் பணிக்கின்றது. வண்டி ஓட்டுபவரும், மருந்து கொடுப்பவரும், கணக்கு எழுதுபவரும் இதனை நெஞ்சில் நிறுத்தல் வேண்டும். மன்றங்கள் கேளாது விட்டாலும் மஹ்ஷரில் கேள்வி உண்டன்றோ?

வல்ல அல்லாஹ், அமானிதம் பேணும் நன்மக்களாய் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.