ஏணியை விட்டுக் கால் எடுக்குமுன்

கடுகண்ணாவையில் வீடு வைத்திருப்போருக்கு வைகாசி பிறந்ததும் கண் தானாகவே மேலே செல்லும். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதிக் கொட்டும் மழை ஒருபுறம். ஐப்பசியில் பிற்பகல்தோறும் இடியோடு வரும் மழை மற்றொருபுறம். இவற்றிடையே கூரையைச் சீர்செய்யக் கிடைக்கும் வெயில் நாட்கள் சிலவே. அந்நாட்களில் வீடுதோறும் எழும் வினா ஒன்றுண்டு: ஒழுக்கை நாமே அடைப்பதா, பாஸை அழைப்பதா?

இவ்வினாவுக்கு விடை கூறும் தகுதியை நான் விலை கொடுத்தே பெற்றேன். எங்கள் அடுக்களைக்குக் கல்நார்த் தகட்டுக் கூரை. அடுப்புக்கு நேர்மேலே ஒழுகியது. வந்து பார்த்த பாஸ் கேட்ட கூலி எனக்கு மிகையாகத் தோன்றிற்று. 'இரண்டு ஆணி அடிக்க இவ்வளவா!' என்று எண்ணி, ஒரு ஞாயிறு காலை, மகளை ஏணியைப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் தார்ப்பசையும் கையுமாக ஏறினேன். மூன்றாம் அடி வைத்தபோது தகடு படீரென்று உடைந்தது. வலக்கால் தொடைவரை உள்ளே போயிற்று. இடக்கால் வளைக்கு நேர்மேலே இருந்தமையால் உடல் தங்கிற்று. 'அப்பா!' என்று மகள் அலறிய குரல் இன்னும் என் செவியில் உள்ளது. அவள் தாய் சற்று முன்னர்தான் அடுப்பை விட்டு அகன்றிருந்தாள். உடைந்த துண்டுகள் அடுப்பின்மீதே கிடந்தன.

மறுநாள் அதே பாஸ் வந்தார். நகைக்கவில்லை. நீண்ட பலகையொன்றை வளைகளின் குறுக்கே இட்டு, அதன்மேல் தவழ்ந்து சென்றார். "சேர், தண்ணீர் விழுந்த இடத்தைப் பார்த்தீர்கள், நுழைந்த இடத்தைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். ஒழுக்கு மூன்றடி மேலே, கொக்கி ஆணியின் வில்லை உக்கிப்போன துளையில் தொடங்கியிருந்தது. நீர் தகட்டின் அடியாக வழிந்து, வளையில் முட்டிச் சொட்டியது. வில்லையின் விலை சொற்பம். நான் உடைத்த தகட்டின் விலையோ, அவர் முதலில் கேட்ட கூலியையும் விஞ்சிற்று.

அன்று முதல் நான் வகுத்துக்கொண்ட எல்லை இது: ஏணியில் நின்றபடியும் கூரைக்குக் கீழிருந்தும் செய்யக்கூடியவை வீட்டார் வேலை, கால் கூரையில் படவேண்டியவை பாஸின் வேலை. கல்நார்த் தகடு நாளடைவில் நொறுங்கும் இயல்புடையது. பாசி படிந்தால் வழுக்கும். அங்கே நம் துணிவு உதவாது.

ஆயினும் வீட்டார் வேலை சிறிதன்று. மழை பெய்யும்போதே உள்ளே நின்று ஈரத்தடத்தைப் பின்பற்றி வெண்கட்டியால் குறியிட வேண்டும். வெயிலில் கதவுகளை அடைத்துப் பார்த்தால் துளைகள் ஒளிப்புள்ளிகளாகத் தோன்றும். பீலியில் தேங்கிய இலைகளை அகற்றினாலே நின்றுபோகும் ஒழுக்குகளும் உண்டு. உட்கூரை இல்லாத ஓட்டு வீடாயின், உடைந்த ஓட்டை உள்ளிருந்தே உயர்த்தி மாற்றலாம். இக்குறிகள் இல்லாவிடில், வெயில் நாளில் வரும் பாஸுக்கு ஒழுக்கு எங்கே தெரியப்போகிறது?

கூரை வேலையை வெறுங் கூலிவேலை என்று கருதும் மாணவர்கள், நமக்கு அண்மையிலுள்ள எம்பக்கே தேவாலயத்துக்குச் சென்று அண்ணாந்து பார்க்கட்டும். பதினான்காம் நூற்றாண்டில், கம்பளை அரசன் மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில், கதிர்காமக் கடவுளுக்கு எழுந்த கோயில் அது. அங்குள்ள மண்டபத்தில் 26 கைமரங்கள் ஒரே மரமுளையில் வந்து கூடுகின்றன. தூண்களின் செதுக்கலைக் காணவே பலரும் செல்கின்றனர்; என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது அந்த முளைதான்.

கல்நாரில் மற்றோர் ஆபத்தும் உண்டு. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோயை விளைவிக்கும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே உலர்ந்த தகட்டை அறுப்பதும், பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டுவதும் ஆகா. பாஸே அவ்வாறு செய்ய முற்பட்டாலும் தடுத்து, நீர் தெளித்து முழுத் தகடாகக் கழற்றச் சொல்லுங்கள்.

தகடும் ஆணியும் யார் வாங்குவது என்பதை முன்னரே தாளில் எழுதிக்கொள்க. கூலியில் ஒரு பகுதியை முதல் மழைவரை நிறுத்திவைக்கலாம். எங்கள் பாஸ் மழைக்குக் காத்திருக்கவில்லை. மகளை வெண்கட்டியோடு அடுக்களையில் நிற்கச் சொல்லி, இரண்டு வாளி நீரை மேலிருந்து ஊற்றினார். "சொட்டவில்லை" என்று அவள் கூறிய பின்னரே இறங்கினார்.