கண்ணு நல்லாத்தாம்ல தெரியுது!

மக்களே, ரொம்ப நாளா இந்தப் பக்கம் தூசு தட்டவே இல்ல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இன்னிக்கும் வழக்கமான மொக்கை கிடையாது, முழுக்க முழுக்கப் புலம்பல்தான். சிரிக்க வந்தவங்க அடுத்த வாரம் வாங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

போன நவம்பர் 14, உலக நீரிழிவு தினம். எங்க கம்பெனியில ஆளுக்கொரு நீலத் தொப்பி குடுத்து, கேம்பஸைச் சுத்தி ஒரு நடை விட்டாங்க. அப்புறம் ஏசி ஹால்ல ஒருத்தர் ஸ்லைடு போட்டுப் பேசினார். "சர்க்கரை நோயாளிங்க கண்ணைப் பரிசோதிச்சுக்கறதே இல்ல. காரணம் அலட்சியம், விழிப்புணர்வு இல்லாமை"ன்னார். எல்லாரும் கை தட்டினாங்க. எனக்குத் தொப்பியைக் கழட்டி மேடை மேல வீசலாமான்னு இருந்துது. (அப்ரைசல் நேரம், வீசல.)

ஏன் கோவம்னா, அந்த 'அலட்சியமான நோயாளி' எங்கப்பா.

அப்பாவுக்குப் பதினோரு வருஷமா சுகர். தென்காசி பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல ஹார்ட்வேர் கடை வெச்சிருக்கார். மூணு மாசத்துக்கு ஒருக்கா வெறும் வயித்துல ஒரு தடவை, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவைன்னு ரத்தம் குடுப்பார். மாத்திரை ஒரு வேளை தவறினதில்ல. காலையில நடை உண்டு. டாக்டர் சீட்டு எல்லாத்தையும் தேதி வாரியா ஒரு பிளாஸ்டிக் ஃபைல்ல போட்டு வெச்சிருக்கார். நான் எழுதுற கோடு கூட அவ்வளவு ஒழுங்கா இருக்காது.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ அந்த ஃபைலை எடுத்து உக்காந்து எண்ணினேன். நாப்பத்தி மூணு சீட்டு. ரெண்டு டாக்டருங்க. ஒரு சீட்டுல கூட 'கண்ணைப் பாருங்க'ன்னு ஒரு வரி இல்ல. ரெண்டாம் வகை சர்க்கரைன்னா, நோய் இருக்குன்னு தெரிஞ்ச அன்னிக்கே ஒரு தடவை விழித்திரையைப் பாக்கணும், அப்புறம் வருஷா வருஷம் பாக்கணும்னு மருத்துவப் பாடத்துலயே இருக்கு. இப்போ சொல்லுங்க, விழிப்புணர்வு யாருக்கு இல்ல?

நானும் சும்மா இருக்கல. ரெண்டு வருஷம் முன்னாடி போன்ல சொன்னேன். அப்பா சொன்ன பதில்: "கண்ணு நல்லாத்தாம்ல தெரியுது. பேப்பர் படிக்கேன், வண்டி ஓட்டுதேன். போன வருசம்தான கண்ணாடி மாத்துனேன்."

இதுல ஒரு வார்த்தை கூட முட்டாள்தனம் இல்லைங்க. வலிச்சா டாக்டர்கிட்ட போவோம், மங்கினா கண்ணாடிக் கடைக்குப் போவோம். இந்த வியாதி வலிக்காது, மங்காது. விழித்திரையில இருக்குற மெல்லிசான ரத்தக் குழாயெல்லாம் உள்ளுக்குள்ள கசிஞ்சு, அடைஞ்சு, புதுசா நோஞ்சான் குழாய் முளைச்சு, அது ஒரு நாள் உடையிற வரைக்கும் எல்லாமே பளிச்சுன்னு தெரியலாம். கண்ணாடிக் கடையில எழுத்துப் பலகையைப் படிக்க வெச்சுப் பாக்குறது பவர். கண்ணோட பின்பக்கத்தை அங்க யாரும் பாக்கறதில்ல. 'கண் டெஸ்ட்'னா நம்ம ஜனங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். வேற வேறன்னு யாரும் சொல்லிக் குடுக்கலையே!

சரி, சொல்லிட்டாங்கன்னே வெச்சுக்குவோம். போறதுன்னா என்னன்னு பாருங்க. எங்க ஊர்லேர்ந்து திருநெல்வேலிக்கு ரெண்டு பஸ், ரெண்டு மணி நேரம். அங்க போய் டோக்கன். கண்ணுல சொட்டு மருந்து விட்டு, பாப்பா விரியிற வரைக்கும் கண்ணை மூடி உக்காரணும். பாத்து முடிச்ச பின்னாடி சில மணி நேரத்துக்கு வெளிச்சம் கூசும், கிட்டப் பார்வை கலங்கும், பைக் எடுக்கக் கூடாது. அதனால கூட ஒரு ஆள் வரணும். ஆக, ஒருத்தர் கண்ணைப் பாக்க ரெண்டு பேரோட ஒரு முழு நாள்.

எங்கப்பாவுக்காவது கடையைச் சாத்தினா ஒரு நாள் வியாபாரம் போகும், அவ்வளவுதான். எதிர்வீட்டு அக்கா பீடி சுத்துறாங்க. ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கூலி. அவங்களுக்கும் சுகர். அவங்க ஒரு நாள் போகணும்னா மகன் லீவு போடணும், இல்ல மருமக வரணும். 'எனக்குத்தான் நல்லாத் தெரியுதே, அந்தப் புள்ள பொழப்பை எதுக்குக் கெடுக்கணும்'னு அவங்க நினைக்கறதுக்குப் பேரு அலட்சியமா? பரிசோதனை இலவசமாவே இருக்கட்டும். அந்த ரெண்டு நாள் கூலியை யார் குடுப்பா?

இந்த மார்ச்ல அப்பா போன் பண்ணினார். "இடது கண்ணுல கருப்பா நூல் நூலா ஓடுதுடே." மறுநாள் காலையில பாதி பார்வைக்குத் திரை போட்ட மாதிரி ஆயிடுச்சு. உள்ள ரத்தக் கசிவு. வலது கண்ணுலயும் அதே புதுக் குழாய்ங்க இருந்துது, ஆனா உடையல. லேசர் வெச்சுப் பிடிச்சு நிறுத்திட்டாங்க. லேசர் இருக்குற பார்வையைக் காப்பாத்தும், போனதைப் பெரும்பாலும் திருப்பிக் குடுக்காது. இடது கண்ணுக்கு ஊசி, ஆபரேஷன்னு இன்னும் ஓடிட்டிருக்கு. அமெரிக்காவுல பெரிய ஆய்வு ஒண்ணு பண்ணி, நேரத்துக்கு லேசர் வெச்சா கடுமையான பார்வை இழப்பு பாதிக்கு மேல குறையும்னு 1976லயே சொல்லிட்டாங்க. அதே 1976ல தான் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பிச்சார். வைத்தியமும் இருந்துது, நல்ல ஆஸ்பத்திரியும் இருந்துது. மாத்திரை எழுதுற மேஜைக்கும் கண்ணைப் பாக்குற மேஜைக்கும் நடுவுலதான் பாதை இல்ல.

இன்சூரன்ஸ் கதை தனி. என் பாலிசியில, அட்மிட் ஆகிப் படுத்தா பணம். வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைப் படம் எடுத்தா பைசா கிடையாது. கெட்ட பிறகு வா, பாத்துக்கறேன்னு எழுதி வெச்சிருக்கான். :(

நம்ம பொட்டி தட்டுற கூட்டம் உடனே 'அதான் ஏஐ வந்துடுச்சே'ன்னு கிளம்பும். நானும் அந்த ஜாதிதான், அதனால சொல்றேன். விழித்திரைப் படத்தைப் பாத்து நோய் கண்டுபிடிக்கிற கூகுள் மாடல் 2016லயே வந்துடுச்சு. அதுக்கு அரவிந்த், சங்கர நேத்ராலயா மாதிரி நம்மூர் ஆஸ்பத்திரி படங்களும் பயன்பட்டுது. அதையே தாய்லாந்து கிளினிக்ல நர்சுங்க கையில குடுத்துப் பாத்த ஆய்வு 2020ல வந்துது. வெளிச்சம் சரியில்ல, படம் தெளிவில்லன்னு 21 சதவீதப் படங்களை மாடல் வேணாம்னுடுச்சு. வேணாம்னா என்ன பண்ணணும்? இன்னொரு நாள், இன்னொரு ஊர்ல இருக்குற ஸ்பெஷலிஸ்டைப் போய்ப் பாக்கணும். திரும்பவும் அதே பஸ்!

இங்கிலாந்துல என்ன பண்ணினாங்க? 2003லேர்ந்து படிப்படியா, 12 வயசு தாண்டின சர்க்கரைக்காரங்க எல்லாரையும் ஒரே பட்டியல்ல வெச்சு, தவணை வந்ததும் கடுதாசி போட்டுக் கூப்பிட்டாங்க. படம் எடுக்கப் பயிற்சி எடுத்த டெக்னீஷியனே போதும், டாக்டர் பக்கத்துல நிக்கணும்னு இல்ல. உழைக்கிற வயசுல பார்வை போறதுக்கு முதல் காரணமா அம்பது வருஷமா இருந்த இந்த வியாதி, 2009-10 கணக்குல அந்த இடத்தை விட்டு இறங்கிடுச்சு. அவங்க ஜனங்க நம்மளை விடப் பொறுப்பானவங்கன்னு நான் நம்பல. கூப்பிட ஒருத்தர் இருந்தாங்க, அவ்வளவுதான்.

நான் ஆபீஸ்ல செய்யற வேலையே, ஏதோ ஒரு நாட்டு கிளினிக்குக்கு 'உங்க அப்பாயிண்ட்மெண்ட் நாளைக்கு'ன்னு மெசேஜ் அனுப்புற சாஃப்ட்வேர். அட்சய திருதியைக்கு நகைக்கடையிலேர்ந்து அப்பாவுக்கு மூணு மெசேஜ் வருது. பதினோரு வருஷம் ரத்தம் எடுத்த லேப்ல அவர் நம்பர் இருக்கு. கண்ணுக்குன்னு ஒரு மெசேஜ் வரல.

'அவனவன் உடம்பை அவனவன்தான் பாத்துக்கணும்'னு பின்னூட்டம் போட ஒரு அண்ணாச்சி ரெடியா இருப்பார். அண்ணாச்சி, 2022ல லான்செட் குளோபல் ஹெல்த்ல வந்த இந்திய ஆய்வுல, 40 வயசு தாண்டின சர்க்கரைக்காரங்கள்ல 12.5 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிப்பு. அதாவது எட்டுல ஒருத்தருக்கு. 2023 ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி நாட்டுல சர்க்கரைக்காரங்க சுமார் 10 கோடி. இவ்வளவு பேருமா ஒண்ணு சேந்து அலட்சியமா இருக்காங்க? 2021ல மக்களைத் தேடி மருத்துவம்னு சுகர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு போய்க் குடுக்க ஆரம்பிச்ச மாநிலம் இது. யாருக்கு மாத்திரை போகுதுன்னு பட்டியல் இருக்குல்ல? அதுல 'கண்ணைப் படம் எடுத்த தேதி'ன்னு ஒரு கட்டம் சேருங்க. மாத்திரை வாங்குற இடத்துல, ரத்தம் குடுக்குற லேப்ல, மாசத்துல ஒரு நாளாவது கேமராவைக் கொண்டு வந்து வைங்க. நிறைய பேருக்குச் சொட்டு மருந்து இல்லாமலே படம் எடுக்கற கேமரா இருக்கு. அந்த அக்கா நடந்து போய் எடுத்துட்டு, மத்தியானம் வந்து பீடி சுத்தலாம்.

அப்பாவுக்கு அடுத்த ஊசி வர்ற வியாழக்கிழமை. லீவு சொல்லிட்டேன். அக்காவையும் கூப்பிட்டிருக்கோம், "பாப்போம்"னு சொல்லியிருக்காங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, இஞ்சினியர். மருத்துவப் பதிவருங்க யாராச்சும் படிச்சா, தப்பு இருந்தாக் குட்டுங்க. அப்படியே, கடைசியா எழுதின சுகர் சீட்டுல கண்ணைப் பத்தி ஒரு வரி எழுதினீங்களான்னும் சொல்லிட்டுப் போங்க.