ஊசிக்கா இத்தனை பயம்?

"ஊசி குத்தினா கட்டி கலைஞ்சு உடம்பெல்லாம் பரவிடும்டீ!" வரிச்சிக்குடியில் மட்டுமா, படித்த வீடுகளிலும் இதே பேச்சுதான். இதை நம்பி மார்பகக் கட்டியை மாசக்கணக்கில் மறைக்கிறீர்களே, நியாயமா?

எஃப்.என்.ஏ.சி. என்பது மெல்லிய ஊசியால் கொஞ்சம் செல்களை உறிஞ்சி, ஸ்லைடில் தடவி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. 1930-லேயே நியூயார்க்கில் மார்ட்டினும் எல்லிஸும் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள்.

ஆனா ஒண்ணு. 'ஃபைப்ரோ அடினோமா, சாதாரணக் கட்டி' என்று ரிப்போர்ட் வந்த பிறகும் கட்டி மளமளவென்று வளர்ந்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். ஃபில்லாய்ட்ஸ் என்றொரு அபூர்வக் கட்டி, ஊசிப் பரிசோதனையில் அச்சு அசலாக அது மாதிரியே வேஷம் போடும். ஊசியில் வருவது உதிரி செல்கள்தானே, திசுவின் அமைப்பு முழுசாகத் தெரியாது. தடித்த ஊசியால் சதைத்துணுக்கு எடுக்கும் பயாப்ஸி வேண்டும். சிலருக்குக் கட்டியையே எடுத்துப் பார்த்தால்தான் புரியும். ஃபில்லாய்ட்ஸை வெறுமனே தோண்டி எடுத்தால் மறுபடி முளைக்கலாம். சுற்றியுள்ள நல்ல சதையோடு சேர்த்து எடுப்பதுதான் வழக்கம்.

ஆகவே, "கையால் பார்த்தது, ஸ்கேன், ஊசி மூன்றும் ஒத்துப்போகுதா டாக்டர்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஒத்துப்போகவில்லையா? ரிப்போர்ட்டோடு ஸ்லைடையும் கேட்டு வாங்கிக்கொண்டு புதுச்சேரி ஜிப்மருக்கு பஸ் ஏறுங்கள்.